புகையிலைக்குப் பதில் என்ன? கென்டக்கி மாநிலத்தின் மானிய நிதி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே பயிரை நம்பி வாழ்ந்த ஊர்களுக்கு, அந்தப் பயிர் கைவிட்ட பிறகு அரசு பணம் கொடுத்தால் ஊர் எழுந்து நிற்குமா? அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இதைக் கால் நூற்றாண்டாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1998-ல் தொடங்கி 2022 வேளாண் கணக்கெடுப்பு வரை அங்கே நடந்ததை இங்கே தொகுத்திருக்கிறேன். யார் பெயரையும் குறிப்பிடவில்லை. கோட்டா (இவ்வளவு புகையிலை விற்கலாம் என்ற உரிமை) வைத்திருந்தவர், பயிரிட்டவர், குழுவில் உட்கார்ந்தவர், சட்டம் போட்டவர் என்று அவரவர் இருந்த இடத்தை வைத்தே சொல்கிறேன்.

பின்னணி: சில ஏக்கரில் ஓடிய குடும்பங்கள்

கென்டக்கியின் பயிர் பர்லி ரகப் புகையிலை. சிகரெட்டில் கலக்கும் மெல்லிய, பழுப்பு நிற இலை. வர்ஜீனியா ரகத்தைப் போல இதைச் சூடேற்றிப் பதப்படுத்துவதில்லை. மே, ஜூனில் நாற்று நடுவார்கள். பூ வந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிடுவார்கள். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் செடியை அடியோடு வெட்டி, குச்சியில் குத்தி, உயரமான மரக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். ஆறு முதல் எட்டு வாரம் காற்றிலேயே காய வேண்டும். பிறகு இலைகளை உருவித் தரம் பிரித்து, நவம்பர் முதல் ஏலக் கூடத்துக்குக் கொண்டு போவார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கையில் காசு வந்துவிடும். நிலத்தின் மேல் வாங்கிய கடனுக்கும் பிள்ளைகளின் துணிமணிக்கும் அந்தக் காசுதான்.

ஏக்கருக்குச் சுமார் 2,000 பவுண்டு இலை கிடைக்கும். 1990-களின் கடைசியில் ஒரு பவுண்டு 1.90 டாலர் அளவில் விற்றது. அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 3,800 டாலர். அதே நிலத்தில் மக்காச்சோளம் போட்டால் சில நூறு டாலர்தான் வரும். உழைப்பு மட்டும் கொஞ்சமல்ல, ஏக்கருக்கு 200 மணி நேரம் போலப் பிடிக்கும். மலைச்சரிவில், பெரிய இயந்திரம் இறங்க முடியாத இடத்தில், இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்தவருக்கும் இதில் ஒரு வருமானம் இருந்தது. மாநிலத்தின் மொத்த வேளாண் விற்பனையில் கால்பங்கு அளவுக்குப் புகையிலையே வந்துகொண்டிருந்தது.

இந்த விலை சந்தையில் தானாக உருவானதல்ல. 1938-ல் வந்த சட்டத்தின் கீழ், யார் எவ்வளவு விற்கலாம் என்ற கோட்டா நிலத்தோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தரத்துக்கும் ஆதார விலை உண்டு. ஏலத்தில் அந்த விலையைத் தாண்டி யாரும் கேட்காவிட்டால், விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு அரசுக் கடனில் இலையை எடுத்துக்கொள்ளும். நம்மூர் நெல்லுக்கு உள்ள குறைந்தபட்ச ஆதார விலை மாதிரிதான். ஒரு பெரிய வித்தியாசம், இங்கே அளவுக்கும் கட்டுப்பாடு இருந்தது. கோட்டா இல்லாதவர் புகையிலை போட்டு அந்த விலைக்கு விற்க வழியில்லை. அதனால் கோட்டாவே ஒரு சொத்தாகிவிட்டது. கணவரை இழந்து தனியாக இருந்த மூதாட்டி, நகரத்துக்குப் போய்விட்ட வாரிசு என்று பலர் வயலில் இறங்காமலே கோட்டாவைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தார்கள். பயிரிட்டவர் அந்தக் குத்தகையைக் கட்டியதுபோக மிச்சத்தை எடுத்துக்கொண்டார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. புகையிலை போனபோது அந்த ஊர்களிலிருந்து போனவை மூன்று: நிச்சயமான விலை, சின்ன நிலத்துக்கு ஏற்ற வருமானம், வயதானவர்களுக்கு ஓய்வூதியம் போல வந்துகொண்டிருந்த குத்தகை. பின்னால் வந்த திட்டங்களில் பெரும்பாலானவை ‘எந்தப் பயிரை மாற்றாகப் போடலாம்’ என்றே கேட்டன.

கண்ணுக்குத் தெரிந்த சரிவு: 1998 முதல் 2000 வரை

1998 நவம்பர் 23 அன்று 46 மாநிலங்களும் பெரிய சிகரெட் கம்பெனிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. புகைப்பதால் வந்த நோய்களுக்கு மாநிலங்கள் செய்த மருத்துவச் செலவை ஈடுகட்ட, முதல் 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் கொடுப்பதாக ஏற்பாடு. அதில் கென்டக்கியின் பங்கு சுமார் 345 கோடி டாலர். கையெழுத்தான கையோடு கம்பெனிகள் சிகரெட் பாக்கெட்டின் விலையை 45 சென்ட் ஏற்றின.

ஆண்டுதோறும் கோட்டாவை நிர்ணயிக்கும் கணக்கில், கம்பெனிகள் ‘இந்த வருடம் இவ்வளவு வாங்குவோம்’ என்று சொல்லும் எண்ணும் ஏற்றுமதி அளவும் சேரும். உள்நாட்டில் புகைப்பது குறைந்துவந்தது. பிரேசிலிலிருந்தும் மலாவியிலிருந்தும் மலிவான பர்லி வந்துகொண்டிருந்தது. கம்பெனிகள் சொன்ன எண் சுருங்கியது, கோட்டாவும் சுருங்கியது. 2000-ஆம் ஆண்டுக்கு மட்டும் பர்லி கோட்டாவில் ஏறக்குறைய 45 சதவீதம் வெட்டு. ஒரு குடும்பத்தின் ரொக்க வருமானத்தில் பாதி, அவர்கள் எந்தத் தவறும் செய்யாமலே, ஓர் அறிவிப்பில் போய்விட்டது. அதே ஆண்டு ஒரு பெரிய கம்பெனி ஏலத்தைத் தவிர்த்துவிட்டு விவசாயிகளிடம் நேரடி ஒப்பந்தம் போட ஆரம்பித்தது. ஏலக் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

மாநிலங்களுக்கான பணத்தைத் தவிர, புகையிலை விளையும் 14 மாநிலங்களின் விவசாயிகளுக்கும் கோட்டா உரிமையாளர்களுக்கும் 12 ஆண்டுகளில் 515 கோடி டாலர் தர 1999-ல் கம்பெனிகள் தனியாக ஒரு நிதி ஏற்படுத்தின. அது நேராகக் காசோலையாக வந்தது. வீட்டுச் செலவுக்கு உதவியது. ஆனால் கட்டிய கடன், வாங்கிய மருந்து என்று வந்த வழியே கரைந்துவிடும் பணம் அது. இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் மாநிலத்தின் பங்கை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

முதல் முடிவு: பாதி விவசாயத்துக்கு

2000-ஆம் ஆண்டுச் சட்டமன்றக் கூட்டத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. உடன்பாட்டுப் பணத்தில் 50 சதவீதம் வேளாண் மேம்பாட்டுக்கு, 25 சதவீதம் சிறு குழந்தைகளின் நலனுக்கு, 25 சதவீதம் சுகாதாரத்துக்கு. மற்ற பல மாநிலங்கள் இந்தப் பணத்தைப் பொது வரவுசெலவில் போட்டுச் சாலைக்கும் சம்பளத்துக்கும் செலவழித்த காலம் அது. பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு விவசாயத்துக்கு என்று ஒதுக்கியது துணிச்சலான முடிவுதான்.

எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். நோயாளிகளின் பெயரில் வாங்கிய பணம் இது. அப்போது கென்டக்கியில் வயது வந்தோரில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் புகைத்தார்கள். நாட்டிலேயே மிக மோசமான விகிதங்களில் ஒன்று. அவர்களுக்குக் கால்பங்கும் புகையிலை விளைவித்தவர்களுக்கு அரைப்பங்கும் கொடுப்பது என்ன நியாயம் என்று சுகாதாரத் தரப்பில் கேட்டால் அதற்கு நேரான பதில் கிடையாது. விவசாயத் தரப்பின் வாதம் வேறு: பாக்கெட் விலையை ஏற்றிக் கம்பெனிகள் கட்டும் இந்தப் பணத்தின் சுமை, கோட்டா வெட்டாக எங்கள் ஊர்களின் மேல் விழுந்திருக்கிறது. ஏறக்குறைய எல்லாக் கவுண்டிகளிலும் புகையிலை இருந்த மாநிலத்தில் இந்த வாதம் எடுபட்டது. (கவுண்டி என்பது நம்மூர் தாலுகா அளவிலான நிர்வாகப் பகுதி. கென்டக்கியில் 120 உண்டு.)

இரண்டாவது முடிவு: அக்கம்பக்கத்தார் தீர்மானிக்கட்டும்

எனக்கு இந்த நிகழ்வில் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

வேளாண் பணத்தில் 65 சதவீதம் மாநில அளவிலான திட்டங்களுக்கு, 35 சதவீதம் கவுண்டிகளுக்கு. எந்தக் கவுண்டிக்கு எவ்வளவு என்பது அங்கே புகையிலையை எவ்வளவு நம்பியிருந்தார்கள் என்ற கணக்கைப் பொறுத்தது. மேலே 15 பேர் கொண்ட மாநில வாரியம், அப்போது ஆளுநர் தலைமையில். கீழே கவுண்டிக்கு ஒரு குழு, எட்டுப் பேர். மண் பாதுகாப்பு அமைப்பிலிருந்து இருவர், வேளாண் விரிவாக்கச் சேவையின் உள்ளூர் மன்றத்திலிருந்து இருவர், மத்திய அரசின் பண்ணைச் சேவை அலுவலகத்தின் கவுண்டிக் குழுவிலிருந்து இருவர். இந்த ஆறு பேரும் சேர்ந்து 21 வயது முதல் 40 வயதுக்குள் உள்ள இளம் விவசாயிகள் இருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படி ஒரு வயது வரம்பைச் சட்டத்திலேயே எழுதி வைத்தவர்கள் விவரமானவர்கள். புகையிலைக் கூட்டங்களில் நரைத்த தலைகளே நிறைந்திருந்த காலம் அது.

குழுவின் முதல் வேலை, தன் கவுண்டிக்கு ஒரு வேளாண் திட்டம் எழுதுவது. அது இல்லாமல் பணம் கிடையாது. அப்புறம், வந்த விண்ணப்பங்களைப் பார்த்து முன்னுரிமை கொடுத்து வாரியத்துக்கு அனுப்புவது.

பணம் தரும் முறையிலும் ஒரு தீர்மானம் இருந்தது. இலவசம் கிடையாது. பெரும்பாலான கவுண்டித் திட்டங்களில் செலவில் பாதியை விவசாயி போட வேண்டும், மீதிப் பாதியைத் திட்டம் தரும். ஒருவருக்குச் சில ஆயிரம் டாலர் என்ற உச்சவரம்பும் உண்டு. விவசாயி முதலில் தன் கைக்காசைச் செலவழித்து, ரசீதைக் காட்டி, பிறகுதான் பாதியைத் திரும்பப் பெறுவார். கவுண்டியில் இருக்கும் மாட்டு வளர்ப்போர் சங்கமோ மண் பாதுகாப்பு அமைப்போ கணக்கைப் பார்த்துக்கொள்ளும்.

சொந்தக் காசு போட்டால்தான் ஆள் யோசித்துச் செய்வார் என்பது காரணம். ஒரே பெரிய தொழிற்சாலையில் பணத்தைக் கொட்டாமல் ஆயிரக்கணக்கான பண்ணைகளில் பரப்பினால், பத்தில் மூன்று தோற்றாலும் ஊர் தாங்கும் என்பதும் இந்த முறைக்குப் பொருந்தும் வாதம். இந்தக் காரணங்களை நான் ஏற்கிறேன். கையில் காசே இல்லாதவர் என்ன செய்வார் என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதல் சில ஆண்டுகள்: காய்கறி, இறால், ஆடு

ஆரம்பத்தில் எல்லோருடைய ஆசையும் ஏக்கருக்கு அதிகப் பணம் தரும் பயிர்மேல்தான் இருந்தது. புகையிலைக்கு ஈடாக எண்ணைக் காட்டக்கூடியது எது என்று தேடினார்கள். மிளகாய், தக்காளி, முலாம்பழம் போன்ற காய்கறி பழங்களுக்குக் கூட்டுறவு விற்பனை நிலையங்கள் வந்தன. நன்னீர் இறால் வளர்ப்பு வந்தது, மலைநாட்டில் குளம் வெட்டிக் கோடையில் மட்டும் வளர்ப்பது. திராட்சைக்கும் கறிக்கான வெள்ளாட்டுக்கும் மானியம் இருந்தது.

கூட்டுறவுகளில் பெரும்பாலானவை பத்தாண்டுக்குள் மூடிவிட்டன. காரணங்கள் சாதாரணமானவை. மிளகாய் பறிக்கும் நாளும் புகையிலை வெட்டும் நாளும் ஆகஸ்டில் மோதிக்கொண்டன. எந்த வேலை முதலில் என்று வந்தால் விலை தெரிந்த புகையிலைக்குத்தான் ஆட்கள் போனார்கள். பதமான காயை விவசாயி சாலையோரக் கடையில் நல்ல விலைக்கு விற்றுவிட்டு மிச்சத்தைக் கூட்டுறவுக்குக் கொண்டுவந்தால், கூட்டுறவிடம் பெரிய கடைகள் கேட்கும் அளவும் தரமும் சேராது. கலிபோர்னியாவிலிருந்து லாரி லாரியாக வருவதோடு போட்டி வேறு. புகையிலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கலாம். தக்காளி காத்திருக்காது. ஆதார விலையில் அறுபதாண்டு பழகியவருக்கு, திங்கட்கிழமை ஒரு விலை வியாழக்கிழமை ஒரு விலை என்பதே புதிது.

இறாலும் சில ஆண்டுகளில் அடங்கிவிட்டது. வளர்ப்பது முடிந்தது. ஆனால் இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிர்வதற்குள் எல்லோரும் ஒரே சமயத்தில் பிடித்தாக வேண்டும், அப்போது வாங்க ஆள் இல்லை. வெள்ளாடு பரவாயில்லை, மலைச்சரிவுக்குப் பொருந்தியது, கொஞ்சம் நிலைத்தது.

காய்கறியில் ஒன்று மட்டும் ஓடியது, ஏல மையம். மென்னோனைட், ஆமிஷ் சமயத்தார் குடியிருக்கும் பகுதிகளில் வாரத்தில் சில நாள் நடக்கும் காய்கறி ஏலம். பழைய புகையிலை ஏலத்தின் பழக்கம் அதில் தொடர்ந்தது. கொண்டுவந்ததை அன்றே விற்று அன்றே போகலாம், யாருக்கும் இத்தனை பெட்டி தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கத் தேவையில்லை. குடும்பமே வயலில் இறங்கும் வீடுகள் என்பதால் கூலிக் கணக்கும் இடிக்கவில்லை.

பணம் உண்மையில் போன இடம்

கவுண்டிக் குழுக்கள் என்ன கேட்டன என்று பார்த்தால் ஆச்சரியம் குறைவு. வேலி, தீவனக் கொட்டகை, நல்ல பொலிகாளை, மாட்டை நிறுத்தித் தடுப்பூசி போட இரும்புச் சட்டக் கூண்டு. திரும்பத் திரும்ப இவைதான்.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் இதைக் கற்பனை வறட்சி என்றார்கள். முதலில் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் பண்ணையின் கணக்கை வைத்துப் பார்த்தால் தர்க்கம் தெரிகிறது. பர்லிக் குடும்பம் புகையிலையை மட்டும் வைத்திருக்கவில்லை. மூன்று ஏக்கர் புகையிலையைச் சுற்றி நூறு ஏக்கர் புல்லும் முப்பது மாடும் இருந்திருக்கும். புகையிலைதான் சம்பாதித்ததால் மாட்டைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. காய்ந்த புல்லை உருளையாகச் சுருட்டி வெட்டவெளியில் விட்டார்கள், மழையில் வெளிப்பகுதி அழுகியது. காளை எது கிடைத்ததோ அது. தடுப்பூசி போடாமலே கன்றை ஏற்றிச் சந்தைக்கு அனுப்பினார்கள், அதற்குத் தள்ளுபடி விலைதான் கிடைத்தது. கொட்டகை கட்டிப் புல்லைக் காப்பாற்றினால், காளையை மாற்றிக் கன்றின் எடையைக் கூட்டினால், தடுப்பூசி போட்டு விற்றால், இருக்கும் மாட்டிலேயே வருமானம் கூடும். புதுச் சந்தை தேட வேண்டாம், புதுத் தொழில் கற்க வேண்டாம். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதிகக் கறிமாடு வைத்திருக்கும் மாநிலம் கென்டக்கி. வாங்க வருபவர் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தார்.

இதன் எல்லையும் கண்முன்னே இருக்கிறது. ஒரு தாய்மாட்டுக்கும் அதன் கன்றுக்கும் ஏறக்குறைய இரண்டு ஏக்கர் மேய்ச்சல் வேண்டும், வருடத்துக்கு ஒரு கன்றுதான் விற்கலாம். அந்தக் காலத்து விலைக்கு அது 400 அல்லது 500 டாலர். ஓர் ஏக்கர் பர்லி தந்த மொத்த வரவுக்கு எட்டு ஒன்பது கன்று விற்க வேண்டும், அதாவது பதினாறு ஏக்கருக்கு மேல் புல் வேண்டும். நூறு ஏக்கர் உள்ளவருக்கு இது மாற்று. பத்து ஏக்கர் உள்ளவருக்கு இது மாற்றே இல்லை.

கோட்டா முடிந்தது: 2004

2004 அக்டோபர் 22 அன்று கையெழுத்தான மத்திய அரசின் சட்டம் கோட்டா முறையையே எடுத்துவிட்டது. ஈடாக 1,014 கோடி டாலர், 2005 முதல் 2014 வரை பத்து ஆண்டுத் தவணையாக, சிகரெட் கம்பெனிகளிடம் வசூலித்து. கோட்டா உரிமையாளருக்குப் பவுண்டுக்கு 7 டாலர், பயிரிட்டவருக்குப் பவுண்டுக்கு 3 டாலர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,000 பவுண்டு கோட்டா சொந்தமாக வைத்து அவரே பயிரிட்டவருக்கு மொத்தம் 20,000 டாலர், வருடத்துக்கு 2,000. கோட்டாவைக் குத்தகைக்கு விட்டவருக்கு வருடம் 1,400. குத்தகைக்கு எடுத்து வெயிலில் நின்றவருக்கு வருடம் 600. இடுப்பொடிய வெட்டிக் குச்சியில் குத்திய கூலியாளுக்கு, அவரில் பலர் மெக்சிகோவிலிருந்து பருவத்துக்கு வந்தவர்கள், ஒன்றுமில்லை.

ஆதார விலை போனதும் பர்லி விலை பவுண்டுக்கு 1.50 டாலர் பக்கம் இறங்கியது. சின்ன விவசாயிகள் கூட்டமாக வெளியேறினார்கள். 2002 கணக்கெடுப்பில் கென்டக்கியில் புகையிலை போட்ட பண்ணைகள் 29,237. 2007-ல் 8,113. ஐந்து ஆண்டில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக மறைந்துவிட்டது. மீந்தவர்கள் பெரிதானார்கள்.

மானிய நிதிக்கு உண்மையான சோதனை இந்த ஐந்து ஆண்டுதான். நிதி ஏற்கெனவே நான்கு வருடம் ஓடியிருந்ததும், குழுக்கள் உட்கார்ந்து பழகியிருந்ததும் இங்கே கைகொடுத்தன. கோட்டா முடிந்த அன்று ஒரு புது அலுவலகத்தைத் திறந்து, விண்ணப்பப் படிவம் அச்சடிக்கத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மற்ற புகையிலை மாநிலங்கள் போன வழி

ஒப்பிட்டுப் பார்க்காமல் கென்டக்கியின் முடிவை எடைபோட முடியாது. வடக்கு கரோலினா 1999-ல் தன் பங்கில் பாதியை ‘கோல்டன் லீஃப்’ என்ற அறக்கட்டளையில் போட்டது. அது மூலதனத்தைக் காப்பாற்றி வருமானத்திலிருந்து மானியம் தருகிறது. வர்ஜீனியாவும் பாதியை ஓர் ஆணையத்துக்குக் கொடுத்தது. அந்த ஆணையம் விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுத்ததோடு, வருங்கால வரவைக் கடன் பத்திரங்களாக விற்று முன்கூட்டியே பணமாக்கி, கண்ணாடியிழை இணையம், தொழிற்பேட்டை, கல்லூரி என்று போனது. விவசாயத்தைக் காப்பாற்றுவதைவிட, விவசாயியின் பிள்ளைக்கு வேறு வேலை தேடுவது என்ற பந்தயம்.

அங்கே ஒரு விபரீதமும் நடந்தது. எழுத்தறிவுத் தொண்டு என்ற பெயரில் 50 லட்சம் டாலர் மானியம் வாங்கிய அமைப்பை நடத்தியவர், முன்பு அந்த மாநிலத்திலேயே நிதித்துறைச் செயலராக இருந்தவர். அதில் சுமார் 40 லட்சத்தைச் சுருட்டியதாக 2010-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்தாண்டுச் சிறைக்குப் போனார். மறு ஆண்டு சட்டமன்றத்தின் தணிக்கைப் பிரிவு ஆணையத்தின் மானியங்களை ஆராய்ந்து, கொடுத்த பணத்தால் என்ன பயன் வந்தது என்று அளக்கும் முறை போதவில்லை என்று சொன்னது. சில ஆயிரம் டாலருக்கு ரசீதோடு நிற்க வேண்டிய கென்டக்கி விவசாயி இந்தச் செய்தியைப் படித்து என்ன நினைத்திருப்பாரோ.

நிதியின் அடித்தளம் ஆடியது

கென்டக்கியிலும் எல்லாம் சுமுகமில்லை. அது பணத்தை வருடா வருடம் வாங்கி வருடா வருடம் செலவழித்தது, பெரிய இருப்பு வைக்கவில்லை. உடன்பாட்டுப் பணம் சிகரெட் விற்பனையோடு சேர்ந்து ஏறி இறங்கும். நாடு குறைவாகப் புகைத்தால், புகையிலையிலிருந்து விவசாயியை மீட்கும் நிதியும் குறையும். இந்த முரண் உடன்பாட்டிலேயே இருந்தது. போதாததற்கு, உடன்பாட்டில் சேராத சிறு கம்பெனிகளிடம் 2003-ல் வசூலிக்க வேண்டியதை ஒழுங்காக வசூலிக்கவில்லை என்று 2013-ல் நடுவர் தீர்ப்பு மாநிலத்துக்கு எதிராக வந்தது, வரவேண்டிய தொகை வெட்டப்பட்டது. 2014-ல் சமரசம் செய்துகொண்டார்கள். இடையில் சட்டமன்றமும் வேளாண் பங்கிலிருந்து குடிநீர், கழிவுநீர்க் குழாய்களுக்கு வாங்கிய கடனைக் கட்டியது. கிராமத்துக்குக் குடிநீர் தேவைதான். ஆனால் அதை வேலிக்கு வைத்த பணத்திலிருந்து எடுப்பது எளிது என்பதால்தான் எடுத்தார்கள்.

மறுபடியும் ஒரு மாயப் பயிர்

2014-க்குப் பிறகு ஹெம்ப் வந்தது. கஞ்சாவின் போதையற்ற இனம். சோதனைச் சாகுபடியாகத் தொடங்கி, 2018 மத்தியச் சட்டத்தில் முழு அனுமதி கிடைத்ததும் பரவியது. நாற்று விடுவது, நடுவது, கொட்டகையில் தொங்கவிட்டுக் காயவைப்பது என்று எல்லாம் பர்லியின் வேலைதான். பழைய கொட்டகைகளில் மீண்டும் செடி தொங்கியது. 2019-ல் பல மாநிலங்களும் ஒரே சமயத்தில் அளவுக்கு மேல் விளைவித்து விலை சரிந்தது. கென்டக்கியில் பதப்படுத்தும் பெரிய கம்பெனி ஒன்று 2020 தொடக்கத்தில் திவால் மனு போட்டது, ஒப்பந்தத்தில் விளைவித்தவர்களுக்குப் பணம் நின்றது. 2001-ல் காய்கறிக் கூட்டுறவில் கண்டதைப் பதினெட்டு ஆண்டு கழித்துப் பெரிய அளவில் பார்த்தார்கள். செடி விளையும், வாங்குபவர் நிலையில்லை.

என்ன மிஞ்சியது

மாநிலத்தின் வேளாண் விற்பனை சரியவில்லை. 2014-ல் 600 கோடி டாலரைத் தாண்டிப் புதிய உச்சம் தொட்டது. நிதிக்கு ஆதரவானவர்கள் இந்த எண்ணைத்தான் காட்டுவார்கள். அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். கறிக்கோழி தொழில் மேற்குக் கென்டக்கியில் பெருத்தது, 2007-க்குப் பின் மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறின. அந்த வருமானத்தில் பெரும்பங்கு சமவெளிப் பண்ணைகளுக்குப் போனது. கோட்டாவை நம்பிய கிழக்கு மலைக் கவுண்டிகளுக்குச் சோயா விலை ஏறி என்ன பயன்? மாட்டில் வந்த முன்னேற்றம் மட்டும் நிதியோடு நேராகத் தொடர்புள்ளது என்று சொல்லத் துணிவேன்.

புகையிலைப் பண்ணைகள் 2012-ல் 4,537, 2017-ல் 2,618, 2022-ல் 984.

திரும்பச் செய்தால் மாற வேண்டியவை

முதலில் குத்தகைக்காரர். ‘பாதி நீ போடு, பிறகு தருகிறேன்’ என்ற முறை நிலமும் கடன் வசதியும் உள்ளவருக்குச் சாதகம். அடுத்தவர் நிலத்தில் வேலி போட எவரும் கைக்காசு போடமாட்டார். நிலமில்லாத பயிர்காரருக்குப் பங்கு விகிதத்தைக் குறைத்து, பாதியை முன்பணமாகக் கொடுத்து, அவரோடு நகரக்கூடிய பொருளுக்கு அனுமதித்திருக்கலாம்: மாட்டுக் கூண்டு, டிராக்டர் கருவி, ஆட்டு மந்தை. கூலியாட்கள் எந்தக் கணக்கிலும் இல்லை, கவுண்டிக் குழுவின் எட்டு இருக்கைகளிலும் அவர்களுக்கு இடமில்லை.

அடுத்து, வாங்குபவரை எழுத்தில் பிடிக்காமல் புதுப் பயிருக்கு மானியம் திறந்திருக்கக் கூடாது. முதல் இரண்டு ஆண்டுக் காய்கறிப் பணத்தில் ஒரு பகுதியைப் பழம் பறிப்பதற்கு முன் குளிர்சாதனக் கிடங்குக்கும் விற்பனை ஆளின் சம்பளத்துக்கும் கொடுத்திருந்தால் சில கூட்டுறவுகள் பிழைத்திருக்கலாம். எல்லாம் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை.

நிதியில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்கும் கரோலினா வழியையும் சேர்த்திருக்க வேண்டும். நல்ல ஆண்டில் வந்ததை நல்ல ஆண்டிலேயே முடித்துவிட்டால், சட்டமன்றம் கை வைக்கும் ஆண்டில் தாங்க ஒன்றுமிருக்காது. பண்ணைவாரியாக ஆரம்ப நிலையைப் பதிவு செய்யாததும் பெரிய குறை. மானியம் வாங்கும் அன்று எத்தனை மாடு, எவ்வளவு வருமானம், நிலத்தில் எவ்வளவு கடன் என்று ஒரு பக்கம் எழுதி வாங்கியிருந்தால், இன்று கோழியின் வருமானத்தையும் வேலியின் வருமானத்தையும் பிரித்துக் காட்டியிருக்கலாம்.

கவுண்டிக் குழுவை மட்டும் மாற்றமாட்டேன். அதுவே தீவனக் கொட்டகை கேட்டது, அதுவே பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. குழுக்கள் இன்றும் கூடுகின்றன, இளம் விவசாயிகளுக்கான இரண்டு இருக்கைகளும் அப்படியே இருக்கின்றன. 2000-ல் அவற்றில் முதலில் உட்கார்ந்தவர்கள் யாரும் இப்போது அந்த வயது வரம்புக்குள் இல்லை.